காப்ளியின் வெள்ளித் தேநீர்க் குடுவை

நேற்று ராத்திரி அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்ளி 1768-ல் வரைந்த பால் ரெவியர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தூக்கமே போய்விட்டது. கோட்டு கூடப் போடாமல், வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் வெள்ளித் தட்டார் ரெவியர். கையில் வெள்ளித் தேநீர்க் குடுவை, அதன் பளபளப்பில் அவருடைய விரல்களே நிழலாடுகின்றன!

காப்ளி 1738-ல் பிறந்தவர். அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் அம்மாவுக்குப் புகையிலைக் கடை. பார்த்துப் படிக்கப் பெரிய ஓவியங்கள் ஊரில் அதிகம் கிடையாது, பெரும்பாலும் அச்சுப் படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1765-ல் தம்பி ஹென்றியைப் பறக்கும் அணிலோடு வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஓவியரான ரெனால்ட்ஸே பாராட்டினார், ஐரோப்பாவுக்கு வந்து படிக்கவும் சொன்னார்.

அப்புறம் 1773. பிரிட்டிஷ் தேயிலை வரியை எதிர்த்து, கப்பலில் வந்த தேயிலையை பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டினார்கள். அதில் ஒரு பங்கு காப்ளியின் மாமனார், வணிகர் ரிச்சர்ட் கிளார்க் பெயருக்கு வந்தது. கொட்டுவதற்கு முன்பே காப்ளி வணிகர்கள், எதிர்ப்பாளர்கள் என இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்தக் கலகக்காரர்களில் ரெவியரும் ஒருவர் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. 1774-ல் கப்பலேறிய காப்ளி ஊர் திரும்பவே இல்லை, 1815-ல் லண்டனில் இறந்தார்.

லண்டனில் பெரிய வரலாற்றுக் காட்சிகள் வரைந்து பேர் வாங்கினார், சரி. ஆனால் எனக்கு அந்தச் சட்டைக்காரர்தான்.