பின்னேரம் 5.40

சின்னவனுக்கு மூன்றரை வயது. இந்த வருஷம் தை மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நேர்சரியில் சேர்த்தோம். இரண்டாம் கிழமையே ரீச்சர் என்னை வாசலில் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, மகன் இன்றைக்கும் ஒரு பிள்ளையைக் கடிச்சிட்டார்" என்றார். அந்தப் பிள்ளையின் கையில் பல் பதிந்திருந்ததை நானே பார்த்தேன். அவளுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், குரல் அடைத்து நின்றேன்.

வீட்டில் வேறு மாதிரி. பின்னேரமானால் அக்காவுக்கு அடி, சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவது, நிலத்தில் உருண்டு உருண்டு அழுவது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமி, "செல்லம் கூடிப்போச்சு பிள்ளை, ரெண்டு போட்டால் சரிவரும்" என்றார். அண்ணா, "தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எல்லாத்தையும் ஒரேயடியாகத் திணிச்சால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?" என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் போனைக் கொடுத்து அழுகையை அமத்திவிடுவார்.

நான் அடித்தேன். ஒருநாள் "இனிச் செய்வியா? செய்வியா?" என்று கேட்டுக் கேட்டுத் தொடையில் இரண்டு போட்டேன். அடுத்த நாள் அவன் அக்காவின் தொடையில் அடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டான். இழுவைகூட என்னுடைய இழுவை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என் மகளுக்கு ஒரு ரீச்சர் அடித்திருந்தால் நான் அடுத்த நாளே அதிபரின் அறைக்குப் போயிருப்பேன். அன்றோடு அடிப்பதை விட்டேன்.

கிளினிக்கில் டொக்டர் முதலில் பார்க்கச் சொன்னது காதை. தடிமன் வந்து போன பிறகு நடுக்காதில் நீர் தங்கிவிட்டால் பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை நாங்கள் சொல்வழி கேளாத பிள்ளை என்று நினைத்துவிடுவோம். சோதித்ததில் காது நல்லம். அப்புறம் அவர், "இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கோ. குழப்படிக்கு முதல் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தார், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காணும்" என்றார்.

மகளின் பழைய கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினேன். பதினான்கு நாளும் முடிந்து ஓரிரவு குந்தியிருந்து வாசித்தபோதுதான் பிடிபட்டது. வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி பின்னேரம் 5.40க்கும் 6.30க்கும் இடையில். 5.40 என்பது கொள்ளுப்பிட்டியிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிந்து வந்து நான் கதவைத் திறக்கும் நேரம். "முதல் என்ன நடந்தது" என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே வரி: நான் வந்தேன், மகளின் ஹோம்வேர்க்கைப் பார்க்க இருந்தேன், அவன் கூப்பிட்டான், "பொறு" என்றேன். "பிறகு" என்ற இடத்தில்: ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். கூப்பிட்டால் வராத அம்மா அக்காவுக்கு அடித்தால் ஓடி வருகிறாள். மத்தியானம் சாப்பிட்ட பிள்ளை அதுவரை வேறொன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதும் கொப்பியில்தான் தெரிந்தது.

மாமி இப்போது நாலரைக்கு ஒரு வாழைப்பழமோ அவித்த பயறோ கொடுக்கிறார். நான் பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் அவனோடு நிலத்தில் இருக்கிறேன். ஹோம்வேர்க் அதற்குப் பிறகுதான். அவன் கை ஓங்கினால் கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்கிறேன். முதலில் அணைப்பது அடி வாங்கிய மகளை. போன் கிடையாது.

முதல் கிழமை இன்னும் மோசமானது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லாவிட்டால் எந்தத் தாயும் பாதியிலேயே விட்டுவிடுவாள். சின்ன அழுகைக்குக் கிடைத்துவந்த சாமான் திடீரென்று கிடைக்காமல் போனால், பிள்ளை பெரிதாக அழுதுபார்க்கும். டொக்டர் எச்சரித்திருந்தார். நாலாம் நாள் முப்பத்தைந்து நிமிஷம் கத்தினான். பக்கத்து ஃப்ளாட் சிங்கள அன்ரி கதவைத் தட்டி, "மொகத புதே?" (என்ன மகன்?) என்று உள்ளே எட்டிப் பார்த்தார். மாமி போனைக் கையில் எடுத்துவிட்டார். "மாமி, இன்றைக்கு ஒருநாள் மட்டும் பொறுங்கோ" என்று கெஞ்சினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை அல்மாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். எழுபது வயது, முழங்கால் நோ. அந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். இரண்டாம் கிழமை அழுகை பத்து நிமிஷமாகக் குறைந்தது.

நித்திரையையும் சரிசெய்தோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் ஒன்பதுகூட இல்லை. இப்போது எட்டரைக்கு ரீவியும் லைற்றும் நிற்கும்.

நேர்சரியில் கடிக்கிற பிரச்சினைக்கு வேறு காரணம். ரீச்சரும் பொறுமையாக எழுதித் தந்தார். நேரத்தில் ஒற்றுமை எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் கையிலிருந்த சாமானை வேறு யாரோ பறித்திருந்தார்கள். அங்கே கதைப்பது இங்கிலீஷ். வீட்டில் "அது என்ர, தா" என்று சண்டை பிடிக்கிறவனுக்கு அங்கே அதைச் சொல்லச் சொல் இல்லை, பல் இருந்தது. பல மொழி கேட்டு வளர்வதால் மட்டும் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தாது என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். அதை அண்ணாவுக்கும் சொல்லிவிட்டேன். அவனுக்குத் தேவைப்பட்டது "ஸ்டொப்", "மை டேர்ன்" என்ற இரண்டே வாசகங்கள். மகள் பொம்மை ரயிலைப் பறிப்பாள், அவன் சொல்வான், அவள் உடனே திருப்பிக் கொடுப்பாள். ஒரு கிழமை இதுதான் விளையாட்டு. தமிழில் சொன்னாலும் பரவாயில்லை என்றார் ரீச்சர். சித்திரைக்குப் பிறகு ஒரு கடியும் இல்லை. போன ஞாயிறு காலிமுகத் திடலில் தன் இறால் வடையையே பார்த்துக்கொண்டு நின்ற காகத்திடம் கையை நீட்டி, "ஸ்டொப்! மை டேர்ன்!" என்றான்.

சனிக்கிழமைத் தலைமுழுக்கு மட்டும் இன்னும் சரிவரவில்லை. தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்பே, ஷாம்பூப் போத்தலைக் கண்டதுமே அழத் தொடங்குகிறான். கொப்பியில் இரண்டு சனிக்கிழமைதான் எழுதியிருக்கிறேன்.