ஓரம் தேய்க்கும்போது வெளிப்பட்ட தோலின் தரம்

இரண்டு வாரமாகச் செய்துவந்த பணப்பையை, ஓரம் தேய்க்கும் கட்டத்தில் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஈரம் தொட்டு மரக்கட்டையால் எவ்வளவு தேய்த்தும் ஓரம் பளபளக்கவில்லை. மேற்பரப்பின் பழுப்பு நிறம்தான் மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை நம்பி வாங்கிய துண்டு அது. அந்த முத்திரை பொய்யில்லை என்பதே என் ஆதங்கம்: அது விலங்கின் தோல் என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது, தோலின் எந்த அடுக்கு என்று சொல்வதில்லை.

வெட்டிய ஓரத்தை 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் போன்ற மெல்லிய படலம். அதற்குக் கீழே கத்தியால் கோடிட்டதுபோல் ஓர் எல்லை. பிறகு அடிவரை தளர்ந்த, பருத்த நார்கள். சந்தேகமில்லாமல் ஸ்ப்ளிட், அதாவது மேலடுக்கைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கீழடுக்கு. என்னிடமிருந்த ஃபுல் கிரெய்ன் (மேற்பரப்பை இழைக்காத மேலடுக்குத் தோல்) துண்டிலோ, மேலே நெருங்கிப் பின்னிய நார்கள் கீழே போகப்போகத்தான் தளர்கின்றன. படலம் என்று பிரித்துக் காட்ட எதுவுமில்லை. அறுந்துபோன பழைய பெல்ட் ஒன்றையும் குறுக்கே அறுத்தேன்: இருபுறமும் காகிதம்போல் மெல்லிய ஸ்ப்ளிட், நடுவே அட்டை.

மேற்பரப்பை இழைத்து அச்சுப் பதித்த தோலை அடையாளம் காண ஓரம் மட்டும் போதாது. மயிர்க்கால்களையும் பார்க்க வேண்டும். இயற்கையான துளைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். அச்சோ ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். பலரும் பரிந்துரைக்கும் தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை நான் நம்புவதில்லை, ஏனெனில் மெழுகேற்றிய நல்ல தோலும் நீரை உறிஞ்சாது.

தரம் வேறு, பதனிட்ட முறை வேறு என்பதையும் இப்போதுதான் தெளிவாக உணர்ந்தேன். குரோம் முறையில், அதாவது குரோமிய உப்புகளால், பதனிட்டது ஃபுல் கிரெய்னாகவே இருந்தாலும், தண்ணீரும் மரக்கட்டையும் கொண்டு அதன் ஓரத்தைப் பளபளப்பாக்குவது கடினம். வெட்டுமுகத்தின் நடுவில் தெரியும் நீலச்சாம்பல் நிறம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே அடுத்த முறை சென்னைப் பெரியமேட்டுத் தோல் சந்தைக்குச் செல்லும்போது, ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடப்பட்டுப் புகழ்பெற்ற ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலைத் தேட எண்ணியிருக்கிறேன். அரை சதுர அடி கிடைத்தாலும் போதும். பணப்பையின் வெளிமடிப்பை மட்டும் மாற்றி, ஏற்கெனவே தைத்து முடித்த, வங்கி அட்டைகள் வைக்கும் அறைகளை அப்படியே வைத்துக்கொள்வேன். எருமைத் தோலில் ஒரு பெல்ட் செய்யும் ஆசை அதற்குப் பிறகுதான்.