நாடெரூட்டில் இரண்டாம் கோல்காப்பாளர்

இந்திய உதைபந்தாட்டக் கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து நோர்வேக்கு ஆட வருகிறார் என்ற செய்தி 2014 ஆகஸ்டில் ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ப் பெடியள் மத்தியில் பரவியபோது முதலில் எழுந்த கேள்வி, "குளிர் தாங்குவானோ?" என்பதுதான். சண்டிகர்ப் பக்கத்துப் பிள்ளை. வயது 22, ஆறடிக்கு மேல் உயரம். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்குக் கோல் காத்தவர். அதே நகரத்து எதிரணி மோகன் பகானோடு ஆட்டம் என்றால் நகரமே இரண்டுபட்டு நிற்கும் இடம் அது. அங்கிருந்து ஒஸ்லோவுக்கு மேற்கே உள்ள ஸ்டாபெக் கழகத்துக்கு வருகிறார். 2008இல் ஒருமுறை நோர்வேயின் சம்பியனான கழகம்தான். ஆனால் அதன் நாடெரூட் மைதானம் அப்போது சுமார் ஏழாயிரம் பேருக்கு மேல் கொள்ளாது.

நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். எங்கள் ஊரில் நோர்வே என்ற பெயர் சின்ன வயதிலேயே காதில் விழும். 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம் தொடக்கிவைத்த சீநோர் நிறுவனத்தின் மீன்வலைத் தொழிற்சாலை எங்கள் ஊரில்தான் இருந்தது. உதைபந்தாட்டமும் அப்படித்தான். குருநகர் பாடுமீன், பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ் என்று எங்கள் கழகங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆனபடியால் ஒஸ்லோவுக்கு ஓர் இந்தியக் கோல்காப்பாளர் வந்தது எனக்குச் சொந்தக்காரப் பெடியன் வந்த மாதிரி இருந்தது. அவர் பஞ்சாபி, நான் ஈழத்தமிழன் என்பதையெல்லாம் அந்த நேரம் ஆர் பார்த்தது?

பல தமிழரைப் போல நானும் முதலில் வடக்கே பின்மார்க்கில் மீன் வெட்டியவன். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி பிறந்த பிறகுதான் திரும்பும். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நிரந்தர வேலை அல்ல. யாராவது சுகமில்லை என்று விடுப்பு எடுத்தால் காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவார்கள். கைத்தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பேன். மனுசி, "உந்தப் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோவன்" என்பாள். வைக்க மனம் வராது.

சனிக்கிழமைகளில் மகனின் கழகத்தில் பெற்றோருக்கும் வேலை இருக்கும். இங்கே பிள்ளைகளின் கழகங்கள் பெற்றோரின் கூலியில்லா உழைப்பில்தான் ஓடுகின்றன. ஒருவர் கோல் வலை கட்டுவார், ஒருவர் காப்பி ஊற்றுவார், எனக்கு வாபல் என்கிற இனிப்பு அப்பம் சுடுகிற மேசை. பஸ்ஸில் பக்கத்துக் கதிரையில் இருந்தும் வாய் திறக்காத நோர்வேஜியர், கையில் வாபல் கிடைத்ததும் கதைக்கத் தொடங்குவார்கள். நான் மொழி பழகியது பெரும்பாலும் அந்த மேசையில்தான். ஸ்டாபெக்கின் ஆட்டங்களுக்குப் போகும் பழக்கமும் அங்கே அறிமுகமான ஒரு தகப்பனால் வந்தது. கோல்சோஸ் பக்கம் போகும் மூன்றாம் இலக்கச் சுரங்க ரெயிலில் ஏறி, பெக்கஸ்துவாவில் இறங்கி நடந்தால் மைதானம்.

அங்கே நான் அதிகம் பார்த்தது குர்பிரீத் ஆடுவதை அல்ல, ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்குவதைத்தான். ஏப்ரல் மாதம். மழையா பனியா என்று பிரிக்க முடியாத ஈரம் முகத்தில் அடிக்கும். அந்த நெடுத்த உருவம் இடப்பக்கம் பாயும், எழும்பும், வலப்பக்கம் பாயும். கையுறையில் பந்து படும் சத்தம் பார்வையாளர் பகுதிவரை கேட்கும். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்க, முழங்கால் தாண்டும் தடித்த கோட்டைப் போர்த்துக்கொண்டு மாற்று வீரர்களின் கதிரையில் போய் இருப்பார். பிறகு தொண்ணூறு நிமிடமும் அதே கதிரைதான்.

முன்கள வீரர் என்றால் கடைசிப் பத்து நிமிடத்துக்காவது இறக்கிப் பார்ப்பார்கள். கோல்காப்பாளருக்கு அந்தச் சலுகை இல்லை. முன்னால் நிற்பவர் காயப்படவேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்கவேண்டும், அல்லது பயிற்றுநர் அவரில் நம்பிக்கை இழக்கவேண்டும். முன்னால் நின்றவர் சயூபா மண்டே, ஐவரி கோஸ்ட்காரர். வெயில் தேசத்திலிருந்து வந்த இரண்டு பேர், இருப்பதோ ஒரே இடம். பயிற்றுநர் பொப் பிராட்லியும் வெளிநாட்டுக்காரர்தான். அமெரிக்கா, எகிப்து தேசிய அணிகளைப் பயிற்றுவித்துவிட்டு வந்தவர். மண்டேயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நல்ல கோல்காப்பாளர். ஆனாலும் அவர் விழுந்து எழும்ப நேரமெடுத்தால் என் கண் தானாகக் கதிரைப் பக்கம் போகும்.

2015இல் கிண்ண ஆட்டம் ஒன்றில் குர்பிரீத்துக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது. லீக்கில் இறங்க 2016 மே வரை காத்திருந்தார். ஸ்டார்ட் அணிக்கு எதிராக, 5-0 வெற்றி, ஒரு கோலும் விடவில்லை. அடுத்த மாதம் 30ஆம் திகதி ஐரோப்பா லீக் தகுதி ஆட்டம். எதிரணி வேல்ஸின் கொனாஸ் கீ நோமட்ஸ் என்ற சின்ன ஊர்க் கழகம். அந்தப் போட்டித் தொடரில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது. கிடைத்து அரை மணித்தியாலத்தில் காயப்பட்டு வெளியேறினார். ஆட்டம் 0-0. வேல்ஸில் நடந்த மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்று ஸ்டாபெக்கும் வெளியே. பெக்கஸ்துவா நிலையத்தில் ரெயிலுக்கு நின்ற எனக்கு வந்த கோபத்தை ஆரிடம் காட்டுவது என்றே தெரியவில்லை.

2017இல் அவர் இந்தியா திரும்பி பெங்களூரு அணியில் சேர்ந்தார். அப்போது எங்கள் வாய்க்காரர்களுக்கு நல்ல தீனி. "மூண்டு வருசம் பனியிலை கதிரைக்குக் காவல் இருந்திட்டுப் போறார்" என்றார் ஓர் அண்ணை. பிழை சொல்ல முடியாது, ஆடிய லீக் ஆட்டங்கள் கொஞ்சம்தான். வெளியே போன மற்ற இந்தியருக்கும் வழி லேசாக இருக்கவில்லை. 1936இல் கிளாஸ்கோவின் செல்ரிக் கழகத்துக்காக, சப்பாத்துப் போடாமல் காலில் துணி சுற்றி ஆடிக் கூட்டத்தை மயக்கிய முகமது சலீம் ஊர் நினைப்புத் தாங்காமல் கப்பல் ஏறிவிட்டார். சுனில் செத்திரி போர்த்துக்கலில் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணியோடு நின்று, மிகச் சில ஆட்டங்களோடு திரும்பினார்.

ஆனால் அண்ணை எண்ணியது சனி, ஞாயிறு ஆட்டங்களை மட்டும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும், தன்னைவிட ஒரு படி மேலே நிற்பவனோடு போட்டிபோட்டுப் பயிற்சி எடுத்தது எந்தக் கணக்கிலும் வராது. நிரந்தர வேலை கிடைக்குமுன் அந்த முதியோர் இல்லத்தில் நான் பழகியதும் அப்படி எந்தக் கணக்கிலும் இல்லை.

2019 செப்டெம்பர் 10, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம், டோஹா. எதிரே ஆசியச் சம்பியன் கட்டார். இந்திய அணித் தலைவர் செத்திரி சுகமில்லாமல் ஆடவில்லை, தலைவர் பட்டி குர்பிரீத்தின் கையில். கட்டார்காரர் திரும்பத் திரும்ப அடித்தார்கள், அவர் திரும்பத் திரும்பத் தடுத்தார். முடிவு 0-0. நான் உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன். "பாத்தனான், பாத்தனான்" என்றார். "கதிரையிலை இருந்து நல்லாத்தான் பழகியிருக்கிறான்." அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.