வழக்குக் கணக்கை நம்பாதீர்கள்

சாலைப் பாதுகாப்புத் திட்டங்கள் பலன் தந்தனவா என்று கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குறைக்கும் திட்டம் என்றால், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஓர் எண் நிற்கும்: இத்தனை பேர் மீது வழக்கு. போன வருஷத்தைவிட அதிகம் என்று ஒரு பெருமை வேறு. சோதனைக்கு நிற்கிற போலீஸ்காரர்களைக் கூட்டினால் வழக்கும் கூடத்தானே செய்யும்? போலீஸ் எவ்வளவு உழைத்தது என்பதை அது சொல்லும். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் குறைந்தார்களா என்பதைச் சொல்லாது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? விபத்தில் சிக்கிய எல்லோருக்கும் மதுச் சோதனை நடப்பதில்லை. அதனால் ‘மது காரணம்’ என்ற பதிவை மட்டும் நம்பி உட்கார முடியாது. நான் தேடுவது ராத்திரியில் ஒற்றை வண்டி தானாகப் போய் மரத்திலோ தடுப்பிலோ மோதிய விபத்துகளை. அவற்றில் மதுவின் கை அதிகம். பக்கத்திலேயே பகல் விபத்துகளையும் வைத்துக்கொள்வேன். இரண்டும் ஒன்றாக இறங்கினால் சாலையில் வண்டிகளே குறைந்திருக்கலாம். ராத்திரிக் கணக்கு மட்டும் இறங்கினால்தான் திட்டத்தைப் பற்றிப் பேச்சு.

பிரிட்டனில் 1967 அக்டோபரில் மூச்சுச் சோதனைச் சட்டம் வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். வார இறுதி ராத்திரிகளில் அடிபட்டவர்கள் சட்டென்று குறைந்தார்கள். வேலைக்குப் போய்வரும் நேரத்தில் பெரிய மாற்றமில்லை. சட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல அந்த வித்தியாசம் போதும். ஆனால் சில வருஷங்களில் பலன் கரைந்துவிட்டது. பயந்த அளவுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பது ஜனங்களுக்குப் புரிந்துபோயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரில் தொடங்கியது வேறு மாதிரி: சந்தேகம் வந்தால்தான் என்றில்லை, நிறுத்திய எந்த ஓட்டுநரையும் ஊதச் சொல்லலாம். ஊரறிய விளம்பரம், கண்ணில் படுகிற சோதனை. அங்கே பலன் தங்கியது. தண்டனையை ஏற்றுவதைவிட, இன்றைக்கே மாட்டிக்கொள்வோம் என்ற நினைப்புதான் வேலை செய்கிறது என்பது என் கட்சி.

இன்னொன்று. விபத்து உச்சத்துக்குப் போன வருஷத்தைப் பார்த்துத் திட்டம் தொடங்கினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருஷம் கொஞ்சம் இறங்கிவிடும். அதனால் முந்தைய சில வருஷங்களின் ராத்திரி விபத்துக் கணக்கை முதலில் கேட்பேன். அது வருவதற்குள் துண்டுப் பிரசுரம் அச்சடித்த கணக்கு பைசா சுத்தமாக வந்து சேரும்.