முப்பத்திரண்டு செக்கன்

முகிலுக்குள் சிக்கி மலையில் மோதிய சிறு விமானத்தின் சிதைவுகளில் விசாரணையாளர்கள் முதலில் பார்ப்பது புரொப்பெல்லரைத்தான். அதன் அலகுகள் பாம்பு நெளிந்தது போல முறுகி, முன்விளிம்பு பல்லுப் பல்லாகச் சிதைந்திருந்தால் எஞ்சின் கடைசி நொடி வரை விசையோடு ஓடியிருக்கிறது. கட்டுப்பாட்டுக் கம்பிவடம் ஈர்க்குமாற்று நுனி போல விரிந்து அறுந்திருந்தால், அது அறுந்தது மோதலில்தான், அதற்கு முன்னால் இல்லை. விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று விமானிக்குக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைத் திறந்தால், உள்ளே சுழலும் பித்தளைச் சக்கரத்தின் பக்கத்தில் வட்டமாக ஒரு கீறல் இருக்கும். கூடு நசுங்கியபோதும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்ததற்கு அதுவே சாட்சி. டயலை புறஊதாக்கதிர் விளக்கில் பிடித்தால், முள் அடித்த இடத்தில் அதன் வண்ணப்பூச்சு ஒட்டியிருப்பதும் தெரியலாம்.

இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் இந்தத் தடயங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்கின்றன: விமானத்தில் பழுது இல்லை. இறந்தவரின் வீட்டாருக்கு இதைவிடக் கொடிய செய்தி கிடையாது.

பழுது எங்கே என்றால், காதுக்குள். உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம்தான் திரும்புவதை உணர்த்துவது; விமானம் செக்கனுக்கு 2 பாகைக்குக் குறைவாகத் திரும்பினால் அது உணர்த்தாது. ஒரே வேகத்தில் 20 செக்கன் அளவு திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். நேராகப் போவதாகவே உடம்பு சொல்லும். சாய்ந்த விமானம் உயரம் இழக்கிறது, வேகம் கூடுகிறது. விமானி உயரத்தை மீட்க நெம்பை இழுக்கிறார். இறக்கைகள் சாய்ந்தபடி இருக்கையில் இழுத்தால் சுற்று இன்னும் இறுகும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், வெளியே பாராமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 செக்கன் தாக்குப்பிடித்தார்கள். ஒருவருக்கு 20 செக்கன்தான்.

கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை விமான நிலையத்திலிருந்து சிவனொளிபாதமலை நேர் கிழக்கே, கிட்டத்தட்ட 68 கிலோமீற்றர். 90 நொட்டில் (மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீற்றர்) போகும் செஸ்னா 172 என்ற சிறு விமானம் இருபத்தைந்து நிமிடத்தில் அங்கே நிற்கும். புறப்படும்போது அத்திடிய சதுப்புக்கு மேல் வெயில் அடிக்கலாம். ஹோமாகம தாண்டி எஹலியகொட, குருவிட்ட என்று போகப் போக நிலம் எழும்புகிறது, முகிலின் அடி எழும்புவதில்லை. வெப்பநிலைக்கும், காற்றின் ஈரம் நீர்த்துளியாகும் பனிபடுநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை (செல்சியஸில்) 400ஆல் பெருக்கினால் திரள்முகிலின் அடிப்பகுதி எத்தனை அடி உயரத்தில் என்று ஏறத்தாழ வரும். கொழும்பில் 28க்கு 25 என்றால் 1,200 அடி. மலை உச்சி 7,359 அடி. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குச் சரிவு நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி மஸ்கெலியாவுக்கு அருகே சப்தகன்னியர் மலையில் மோதிய டீசி-8, நான்கு எஞ்சின் கொண்ட பெரிய விமானம். 191 பேரும் இறந்தார்கள்.

பார்வைவழிப் பறப்புக்கு, 10,000 அடிக்குக் கீழே, சர்வதேச விதி பொதுவாகக் கேட்பது 5 கிலோமீற்றர் பார்வைத் தூரம். 90 நொட்டில் அதைக் கடக்க 108 செக்கன். ஒன்றரைக் கிலோமீற்றராகக் குறைந்தால் 32 செக்கன். திரும்பி வர எவ்வளவு வேண்டும்? செக்கனுக்கு 3 பாகை வீதம் அரைவட்டம் அடிக்க ஒரு நிமிடம். அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 1,770 மீற்றர். பக்கவாட்டில் அவ்வளவு இடம் வேண்டும்; கண்ணுக்குத் தெரியும் தூரமே அதைவிடக் குறைவு. ஆகவே மலை தெரிந்த பிறகு திரும்பலாம் என்று நம்பிப் போகக் கூடாது. பள்ளத்தாக்கில் நடுவால் போகாமல் ஒரு கரையை ஒட்டிப் போகச் சொல்வதும் இதனால்தான்: திரும்ப முழு அகலமும் மிஞ்ச வேண்டும்.

மலைக்குப் போகாதவருக்கும் இது பொருந்தும். இரத்மலானைக்கு மேற்கே கடல். அந்தி மங்கலில் கடலும் வானும் ஒரே சாம்பல் நிறமாகி அடிவானம் மறைந்துவிடும். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்காவில் ஜோன் எஃப். கெனடி ஜூனியர் ஓட்டிய பைப்பர் சரட்டோகா, மாத்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்ததும் இப்படித்தான். அப்போது முகில்கூட இல்லை, மூட்டம் மட்டும்.

புறப்பட முன் தரையில் செய்யக்கூடியவற்றில் மிகவும் வற்புறுத்த வேண்டியது உறிஞ்சழுத்த மானியைப் பார்ப்பது. பழைய செஸ்னாக்களில் செயற்கை அடிவானமும் திசைகாட்டும் கைரோவும் (சுழல்சக்கரக் கருவி) எஞ்சினோடு இணைந்த உறிஞ்சு பம்பில் ஓடுகின்றன. எஞ்சினை முறுக்கிச் சோதிக்கும்போது மானியின் முள் 4.5க்கும் 5.5 அங்குலத்துக்கும் (பாதரச அளவில்) இடையில் நிற்க வேண்டும். பம்பின் கரித்தகடுகள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அடிவானம் உடனே விழாது, மெல்லச் சாயும். விமானியும் அதோடு சேர்ந்து சாய்வார். திருப்பம் காட்டும் கருவி மின்சாரத்தில் ஓடுவது; அதுவும் செயற்கை அடிவானமும் ஒத்துப்போகாவிட்டால், மானியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, செத்த கருவியைக் கடதாசித் துண்டால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கண் அதையே நம்பும்.

முகிலுக்குள் போய்விட்டால் வெளியே பார்ப்பதை நிறுத்த வேண்டும். முதலில் இறக்கையை மட்டமாக்குவது, பிறகுதான் மற்றது. கீழே நிலம் எழும்பியிருந்தால் ஏறுவதே வழி. நிலம் தெரியுமா என்று இறங்கித் தேடுவது கூடாது. கடலோ சமவெளியோ என்றால் 15 பாகைக்கு மேல் சாயாமல் ஒரு நிமிடம் திரும்பினால் வந்த வழி. வேகம் ஏறி உயரம் சரிந்தால் விசையைக் குறை, இறக்கையை மட்டமாக்கு, பிறகு மெதுவாக இழு. இந்த வரிசை மாறக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு "முகிலுக்குள் இருக்கிறேன்" என்று சொல்ல வெட்கப்படவே கூடாது.

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வானிலை அறிக்கை ஹட்டன் மலைக்குப் பொருந்தாது. தோட்டத்துப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் புறப்பட முன் ஒரு போன் எடுப்பது நல்லது. "அங்க மழையா?" என்று கேட்டால் "இல்லைங்க, சும்மா பனி" என்பார்கள், மனம் ஆறுதலாகிவிடும். ஆனால் அந்தப் பனிதான் முகில். கேட்க வேண்டியது, "மலை உச்சி தெரியுதா?"