ஹேங்கர் வாடகை பாக்கி: பூட்டைத் தொடும் முன் தாள்களைச் சரிபாருங்கள்

அமெரிக்காவில் எங்கள் நகராட்சி விமான நிலையத்தில் வாடகை பாக்கி வைத்திருந்தவரின் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) ஒருவழியாகக் காலியாகிச் சாவி கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு இழுத்ததற்குப் பெரும்பங்கு ஒரே ஒரு காசோலைக்கு. ஒப்பந்தத்தை ரத்து செய்து நோட்டீஸ் போன பிறகு, நகராட்சி கவுன்ட்டர் எழுத்தர் ஒரு மாத வாடகையை வாங்கி ரசீதும் போட்டுக் கொடுத்துவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ரசீதைக் காட்டி, "ரத்தான ஒப்பந்தத்துக்கு எப்படி வாடகை வாங்கினீர்கள்?" என்று கேட்டார். நோட்டீஸ் செல்லாமல் போய், எல்லாம் முதலிலிருந்து. நோட்டீஸ் கிளம்பும் நாளிலேயே அந்தக் கணக்கை பில்லிங் மென்பொருளில் முடக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் பணம் கட்டும் வழியையும் மறக்காமல் அடையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வாடகை தானாகவே போகும்படி வைத்திருப்பவர்கள் உண்டு.

வாடகைதாரரும் விமானத்தின் உரிமையாளரும் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வால் எண்ணை (விமானத்தின் பதிவு எண்) அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், கட்டணம் கிடையாது. எங்கள் வழக்கில் பதிவு ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பெயரில் இருந்தது, ஒப்பந்தம் தனிநபர் பெயரில். பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே உரிமை உறுதியாகிவிடாது. அதனால் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவகத்திலிருந்து முழுக் கோப்பையும் வாங்கிப் பாருங்கள். வங்கி அடமானம் இருந்தால் அதில்தான் தெரியும். வங்கிக்கும் நோட்டீஸ் கொடுங்கள். விமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்களே பாக்கியைக் கட்டுவதும் உண்டு. முகவரி மாறினால் 30 நாளுக்குள் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, பலர் செய்வதில்லை. ஆகவே பதிவு முகவரி, ஒப்பந்த முகவரி இரண்டுக்கும் சான்றிட்ட தபால் அனுப்பி, திரும்பி வரும் உறைகளைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள்.

பூட்டை நீங்களே மாற்றுவது பல மாநிலங்களில் வம்பு. நீதிமன்ற உத்தரவும் அதை நிறைவேற்றும் ஷெரிஃபும் (மாவட்டக் காவல் அதிகாரி) வரட்டும். வாடகைதாரர் ஆஜராகாவிட்டால் தீர்ப்பு தானாக வந்துவிடாது. அவர் ராணுவப் பணியில் இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம். எங்கள் மனு அது இல்லாமல்தான் திரும்பி வந்தது. பாதுகாப்புத் துறையின் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் நிலைச் சான்று உடனே கிடைக்கும். அவர் திவால் மனு போட்டிருந்தால் எதையும் தொடாதீர்கள், கடன் வசூலைத் தானாகவே நிறுத்திவைக்கும் சட்டத் தடை அமலில் இருக்கும்.

இடையில் நகரசபையில் சிலர் "பழைய ஆள், தள்ளுபடி செய்யலாமே" என்பார்கள். கூடாது. எஃப்ஏஏ மானியம் வாங்கிய விமான நிலையம் கூடுமானவரை தன் வருமானத்தில் தானே நடக்க வேண்டும் என்கிறது, மானியத்துக்காகக் கொடுத்த உறுதிமொழிகளில் 24-ஆவது. ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினால், பாகுபாடு கூடாது என்னும் 22-ஆவது உறுதிமொழியின்படி மற்ற வாடகைதாரர்கள் கேள்வி கேட்கலாம். தவணைத் திட்டம் கொடுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே விதியில், எழுத்தில்.

கதவு திறக்கும் நாளில் ஷெரிஃப் விமானத்தைத் தள்ளித் தரமாட்டார். உரிமம் பெற்ற மெக்கானிக், அந்த மாடலுக்குரிய இழுவைக் கம்பி, காற்று அடைக்கும் பம்பு எல்லாம் தயாராக இருக்கட்டும்; டயர் நிச்சயம் தட்டையாகத்தான் இருக்கும். டேக் மீட்டர் (எஞ்சின் ஓடிய நேரம் காட்டும் கருவி) அளவு, ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவிகள்), புரொப்பல்லர், எரிபொருள் மட்டம் என்று ஒவ்வொன்றையும் படமெடுங்கள். லாக் புத்தகங்களை (விமானத்தின் பராமரிப்புப் பதிவுகள்) முதலில் தேடிப் பூட்டி வையுங்கள், அவை இல்லாவிட்டால் பாக்கிக்காக விமானத்தை விற்கும் ஏலத்தில் பாதி விலைகூட வராது. பெயின்ட், கரைப்பான் டப்பாக்களைக் குப்பையில் போடாதீர்கள், அபாயக் கழிவாகவே அகற்ற வேண்டும்.

கடைசித் தடங்கல் விற்பனைப் பத்திரத்தில். ஏலம் நடத்தியவர் வெறும் கையொப்பம் மட்டும் போட்டிருந்தார். வாங்கியவரின் பதிவு விண்ணப்பம் நின்றுபோனது. 'இந்த விற்பனை உள்ளூர்ச் சட்டப்படி நடந்தது' என்ற வாசகம் அதில் இருந்தே ஆக வேண்டும் என்கிறது எஃப்ஏஏ விதி 47.11. ஏலத்துக்கு முன்பே அந்த வரியைத் தட்டச்சு செய்து அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.