புதுமைப் பெண் பணத்துக்காக வங்கிக் கணக்கு: எனக்கு நடந்தது

2025 ஜூலையில் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தபோது, படிவத்தோடு பாஸ்புக் நகல் ஒன்றும் கேட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் நான். அப்படிப் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குத் தமிழக அரசு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கு உண்டு. எங்கள் வீட்டில் அந்த ஆயிரம் சின்னத் தொகை அல்ல. பஸ், நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் அதை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தோம்.

என் பெயரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறியதற்காக 2021-ல் ஊர்க் கிளையில் திறந்தது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அதில் உதவித்தொகை வந்தது. அப்போது நான் மைனர். அப்பா காப்பாளர், கையெழுத்தும் அவருடையது. பாஸ்புக் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. நானோ இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊரில், விடுதியில். பழையதைத் தேடி அலைவதைவிடக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு பட்ட அலைச்சல் எல்லாம் இந்த ஒரு நினைப்பில் தொடங்கியதுதான்.

கல்லூரி வாசலிலேயே ஒரு தனியார் வங்கியின் ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆதார் எண்ணும் செல்பேசியும் இருந்தால் பத்து நிமிடத்தில் கணக்கு என்றார்கள். என் அறைத்தோழி அங்கேயே திறந்தாள். நான் அவள் செல்பேசியை வாங்கி, திரையில் வந்த நிபந்தனைகளைப் படித்தேன். ஓடிபி மட்டும் வைத்துத் திறக்கும் கணக்கு ஓராண்டுக்குத்தான். அதற்குள் நேரிலோ வீடியோ வழியாகவோ முழு அடையாளச் சரிபார்ப்பை முடிக்கவேண்டும். முடிக்கும்வரை இருப்பு 1 லட்சத்தையும், நிதியாண்டின் மொத்த வரவு 2 லட்சத்தையும் தாண்டக்கூடாது. மாணவிக்கு இந்த வரம்புகள் பெரிய தடை இல்லை. அதற்குக் கீழே இருந்த ஒரு சின்னக் கட்டத்தை அன்று நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அரசு உதவிகளை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் டிக் செய்துவிட்டாள்.

நான் கல்லூரிக்கு எதிரே இருந்த அரசுடைமை வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வழக்கமான சேமிப்புக் கணக்குப் படிவத்தை நீட்டினார். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு, அதாவது குறைந்தபட்ச இருப்பே வைக்கவேண்டாத கணக்கு வேண்டும் என்றேன். "அது கூலி வேலை செய்பவர்களுக்கு அம்மா, உனக்கு இதுதான்" என்றார். அந்தக் கணக்குக்கு வயதோ வருமானமோ தடை இல்லை, யார் கேட்டாலும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் ஆசிரியர் இதை எங்களுக்கு அழுத்திச் சொல்லியிருந்தார். அதையே மரியாதையாக அவரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து வேறு படிவம் கொடுத்தார். முகம் சுளிக்கவில்லை; தெரியாமல்தான் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கில் ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் இல்லை, மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நிபந்தனை.

பான் அட்டை இல்லாததால் படிவம் 60-ல் கையெழுத்திட்டேன். நாமினியாக அம்மா பெயர். ஒரே இடத்தில்தான் தடுமாறினேன். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கிறது, மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருக்கிறது. ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொன்னார்கள். நம்மில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். எந்த ஆவணத்தை வைத்துப் பணம் வருகிறதோ, அதில் உள்ள எழுத்துகளை ஒன்று விடாமல் அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. புது பாஸ்புக்கின் நகலைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

செப்டம்பரில் வகுப்பில் எல்லாருக்கும் பணம் வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்துவிட்டுத் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியையிடம் போனேன். அவர் கணினியில் பார்த்தார். "உனக்குப் பணம் செலுத்தியாயிற்றே" என்றார். என் புதுக் கணக்கிலோ ஒரு ரூபாய்கூட இல்லை. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் என்னை உட்காரவைத்து விளக்கியதைத்தான் எல்லாரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஆதார் வழியாக அனுப்பும் அரசுப் பணம், நாம் எழுதிக்கொடுக்கும் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தில், அதாவது என்.பி.சி.ஐ.யில், ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. ஒவ்வோர் ஆதார் எண்ணுக்கும் நேராக ஒரே ஒரு வங்கியின் பெயர் அதில் இருக்கும். கணக்கு எண்கூட அங்கே கிடையாது. பணம் அந்த வங்கிக்குப் போகும். எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்பதை அந்த வங்கி பார்த்துக்கொள்ளும். இந்த இணைப்பைத்தான் சீடிங் என்கிறார்கள். கணக்கு திறக்கும்போது ஆதார் அட்டை காட்டுவது வேறு, சீடிங் வேறு. ஆதார் காட்டியதாலேயே எல்லாம் இணைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு வங்கிக்குச் சம்மதம் கொடுத்தால் பழைய வங்கியின் பெயர் நீங்கி, புதியது வந்துவிடும். வாசலில் கணக்கு திறந்த என் தோழிக்கு அதுதான் நடந்திருந்தது. அவளுடைய ஆயிரம் ரூபாய் அவள் மறந்தே போயிருந்த அந்தச் செயலிக் கணக்கில் கிடந்தது.

என் ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அதற்கு ஓடிபி வேண்டும். அது அம்மா எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போனது. ஆதாரில் செல்பேசி எண்ணை மாற்ற அப்போது நேரில்தான் போகவேண்டியிருந்தது. ஒரு நாள் வகுப்பை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் வரிசையில் நின்றேன். அப்போது 50 ரூபாய் கட்டினேன். அக்டோபரிலிருந்து அது 75 ரூபாய். புது எண் பதிவானதும் பார்த்தேன். ஊரில் இருந்த பழைய வங்கியின் பெயர்தான் இருந்தது.

மறுநாளே ஊருக்குப் போய் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனேன். பாஸ்புக்கை இயந்திரத்தில் வைத்ததும் கடைசி இரண்டு வரிகளில் ஆயிரம், ஆயிரம் என்று அச்சானது. பணம் முழுக்க இங்கேதான் வந்திருக்கிறது! ஆனால் எடுக்க முடியவில்லை. ஜூனில் எனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. மைனர் மேஜரானதும் காப்பாளரின் கையெழுத்து செல்லாது. புதிதாக அடையாளச் சான்று, புகைப்படம், கணக்குக்குரியவரின் மாதிரிக் கையெழுத்து எல்லாம் கொடுக்கும்வரை பணம் எடுப்பதை நிறுத்திவைப்பார்களாம். அதற்காக வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி அப்பாவின் செல்பேசியில் படிக்கப்படாமல் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாளுக்கு இருபது விளம்பரச் செய்தி வரும் செல்பேசியில், ஆங்கிலத்தில் வந்த அந்த ஒன்றை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அங்கிருந்த அதிகாரி மேடம் பொறுமையாகக் கேட்டார். புதுக் கணக்கைப் பற்றிச் சொன்னதும், "எதற்கம்மா இன்னொரு வங்கி? நீ படிக்கும் ஊரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நமக்கே ஒரு கிளை இருக்கிறதே. இந்தக் கணக்கையே அங்கே மாற்றித் தருகிறேன்" என்றார். கணக்கு எண் மாறாது, கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மட்டும் மாறும், சீடிங்கைத் தொடவே வேண்டாம் என்றார். ஜூலையிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனை நாள் மிஞ்சியிருக்கும்! கணக்கு இல்லாதவர்கள்தான் புதிதாகத் திறக்கவேண்டும். பள்ளியில் ஏதாவது உதவித்தொகை வாங்கியவர்கள் முதலில் அந்தப் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுங்கள்.

மேஜர் கணக்காக மாற்றும்போது, அதுவரையான இருப்பு சரிதான் என்று உறுதி செய்யச் சொன்னார்கள். பாஸ்புக்கின் பக்கங்களை முதலிலிருந்து புரட்டினேன். நான்கு ஆண்டுகளில் வந்தது 48,000 ரூபாய். அப்பா எடுத்தது மூன்றே முறை. பத்தாம் வகுப்பில் என் சைக்கிளுக்கு ஒருமுறை, பதினொன்றில் புத்தகங்களுக்கு ஒருமுறை, அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஒருமுறை. மூன்றாவது முறை எடுத்ததை இரண்டு மாதத்தில் திரும்பக் கட்டியிருந்தார். அந்த வரவு வரியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருப்பு சரி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து நாளில் கணக்கு கல்லூரி ஊருக்கு மாறியது. புதிய பாஸ்புக்கின் நகலைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டு, கல்லூரிக்கு எதிரே இருந்த வங்கியில் திறந்ததை எழுதிக்கொடுத்து மூடினேன். பயன்படுத்தாமல் ஒரு கணக்கைத் திறந்தே வைத்திருப்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. விடுதியில் ஒருத்தியிடம், பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் மூன்று மாதத்துக்குக் கொடு, பணம் தருகிறோம் என்று வெளியாட்கள் கேட்டிருந்தார்கள். மோசடிப் பணத்தைக் கடத்த இப்படித்தான் மாணவர்களின் கணக்கை வாங்குகிறார்கள். வழக்கு வந்தால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் தேடி வரும். தயவு செய்து யாருக்கும் கொடுக்காதீர்கள், நெருங்கிய தோழிக்கும்கூட.

அக்டோபர்த் தொகை வந்த அன்று மாலையே தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். இப்போது விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில், பணம் வராத முதலாண்டுப் பெண்களை உட்காரவைத்து, அவர்கள் ஆதாருக்கு நேராக எந்த வங்கி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சென்ற வாரம் வந்த ஆறு பேரில் இரண்டு பேருக்குப் பணம் பள்ளிக் காலத்துக் கணக்கில் இருந்தது.